காகிதப்பூ

ஆடிக் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கிவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்கு முட்டுக் கொடுத்தே பொழுது போய்விடும். காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கும் காகிதப்பூச் செடிக்கு அந்தக் கவலை இல்லை. உதிர்ந்ததெல்லாம் சிமெண்டுத் தரையில் சரசரவென்று உருண்டு, வாசற்படி மூலையில் போய் ஒண்டும். நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நாம் பூவென்று நினைக்கும் அந்த மூன்று ரோஸ் இதழ்களும் உண்மையில் இலைகள்தாம், நரம்புகூடத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒட்டி நிற்கும் மெல்லிய வெள்ளைக் குழல்தான் பூ. வாசனை கிடையாது, சரம் தொடுக்க ஆகாது. அதனாலேயே யாரும் பறிப்பதில்லை. கொத்துக் கொத்தாகச் செடியிலேயே கிடக்கிறது.

பென்சில் கனத்தில் முற்றிய குச்சியை ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். தினமும் தண்ணீர் ஊற்றினால் வெறும் இலையாகத் தழைக்கும். மண் காய்ந்து இலை லேசாகத் துவளும்வரை பொறுத்து ஊற்றினால் பூ பிடிக்கும். வெட்டுவதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலில் கவாத்து செய்து பழகியவர்கள் கத்தரியை எடுத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முள்ளுக்கு நடுவே விரல் நுழையும், கணுவுக்குச் சற்று மேலே 'டக்'கென்று ஒரு வெட்டு. புதுத் துளிரில்தான் பூ வரும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; திராட்சையும் அப்படித்தானே. வெட்டிய குச்சிகளை மட்டும் உடனே அள்ளிவிட வேண்டும். காய்ந்த முள் செருப்பையும் துளைக்கும்.