வெள்ளைச் சின்னான்

சின்னான் குருவி என்றால் கரிய தலை, சிறு கொண்டை, புகைநிற உடம்பு. முருங்கைக் கிளையில் வந்து உட்கார்ந்த இதுவோ வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளுப்பு. வாலடியில் மட்டும் மற்ற சின்னான்களுக்கு உள்ள அதே குங்குமச் சிவப்பு, கொஞ்சமும் குறையாமல்! எனக்குப் பிடித்ததே அந்த முரண்தான். கறுப்பும் பழுப்பும் மெலனின் தருபவை. உடம்பே தயாரிக்கும் நிறமி அது. இந்தப் பறவைக்கு மரபணுக் கோளாறால் அது இறகுக்குப் போய்ச் சேரவில்லை. சிவப்பின் கணக்கு வேறு: தின்னும் இரையிலிருந்து வரும் கரோட்டினாய்டு. கூட வந்த கறுப்புச் சின்னானோடு கறிவேப்பிலைப் பழத்துக்குச் சண்டை போட்டபோது கண்ணையும் பார்த்துவிட்டேன். கறுப்புதான்; மெலனினே இல்லாத அல்பினோ என்றால் சிவந்திருக்கும். இறகுக்கு உறுதி தருவதும் மெலனின்தான் என்பதால், இந்த வெள்ளை இறகுகள் சீக்கிரம் தேயும். வல்லூறு கண்ணிலும் சுலபமாகப் படும்.