எல்ல–தெமோதரை: நடக்கத் தகுந்த வழியா?

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ரயில்பாதை ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். ஒன்பது வளைவுப் பாலத்தில் படமெடுக்க வருகிற பயணிகளும், கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற தோட்டத்துச் சனங்களும் அதே தண்டவாளத்தில்தான் நடக்கிறார்கள். ரயில்பாதையில் நடப்பது இலங்கைச் சட்டப்படி குற்றம். குற்றமென்று தெரிந்தும் ஊரே நடக்கிறது என்றால், வேறு வழி என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நடப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மலையக ரயில்பாதையின் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடியைத் தாண்டக் கூடாது என்பது அதைக் கட்டியவர்களின் கணக்கு. அந்தக் கணக்குக்காகத்தான் தெமோதரையில் கோச்சி (ரயில்) மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் இந்த வளையம் பிறந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பலன் இதுதான்: செங்குத்தான தோட்டப் பாதைகளுக்கு நடுவே முழங்காலுக்கு இரக்கம் காட்டும் ஒரே வழி ரயில்பாதை.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வரை பொதுவாக ஏற்கப்படுகிறது. ரயில்பாதையின் ஏற்றம் அதில் கால்பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் சல்லிக்கல்லும் சிலிப்பர் கட்டையும் கிடக்கும் தரையில் எந்தச் சக்கரமும் உருளாது, ஊன்றுகோலும் நிலைகொள்ளாது. எல்லாரும் போகத்தக்க சரிவு இருந்தும், எல்லாரும் போகத்தக்க தரை இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996இல் சட்டமும், 2006இல் பொது இடங்களுக்கான அணுகல் விதிகளும் வந்தன. அவற்றின் பயன் இந்த மலைக்கு இன்னும் ஏறி வரவில்லை.

பாதுகாப்பிலும் தண்டவாளம் தேறாது. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தின் நீளம் சுமார் 91 மீட்டர். மெதுவாக நடப்பவர் கடக்க ஒன்றேகால் நிமிடத்துக்கு மேலாகும். மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் கோச்சி அதற்குள் அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பாலம் வளைவில் இருக்கிறது. ஒரு முனையருகே சுரங்கம். அவ்வளவு தூரத்துக்குக் கண் எட்டாது. கட்டைச்சுவரோரம் ஒதுங்க இடமுண்டு என்பது உண்மைதான். கூட்டம் சேர்ந்தால் அந்த இடமும் போதாது. 'ஒரு நாளைக்குச் சில கோச்சிதானே' என்ற வாதமும் நிற்காது. தாமதமாக ஓடும் சேவையில், நேர அட்டவணையை நம்பி இறங்குபவருக்கே ஆபத்து கூடுதல்.

மாற்றாகச் சொல்லப்படுவது பீக்கோ நடைபாதை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களில் 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இது, தேயிலை சுமந்த பழைய தோட்டப் பாதைகளை இணைக்கிறது; எல்ல, தெமோதரை வழியாகவும் போகிறது. கோச்சிக்கு அஞ்சாமல் நடக்கலாம் என்பதே இதன் பெரிய நன்மை. ஆனால் இது மலையேறும் உடம்புக்கும் நல்ல சப்பாத்துக்கும் ஏற்ற வழி. கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு வீடு திரும்புகிற பெண்ணுக்கும், புத்தகப்பையோடு அவசரமாகப் போகிற பிள்ளைக்கும் நீளமான சுற்று. மழைக்கால மண்சரிவைப் பற்றியும் இந்த ஊவா மாகாணத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கே மீரியபெத்தையில் 2014 அக்டோபரில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளையே மண் மூடியது.

ஆகவே தீர்ப்பு இது: தண்டவாளம் நடைபாதையாகத் தோற்கிறது. பீக்கோ பயணிக்குத் தேறுகிறது, ஊராருக்குத் தேறவில்லை. வெறும் தடையோ இரண்டு பேரையும் காக்கவில்லை. நில அகலம் இடம்தரும் பகுதிகளில், தண்டவாளத்துக்கு வெளியே வேலியிட்டு, இறுகிய தரையும் வடிகாலும் கொண்ட வழி அமைக்க வேண்டும். பாலத்தைப் பார்க்கும் ஓரிடத்துக்காவது சக்கர நாற்காலி போய்ச் சேர வேண்டும். பணம் ஒரு துண்டுக்குத்தான் போதுமென்றால், லயனிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற துண்டை முதலில் போடுங்கள். பயணிக்கு வேறு பாதையும் உண்டு, வேறு ஊரும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு நாளைக் காலையும் இதே வழிதான்.