காப்பு நகலும் கணக்குக் காட்டாத பதிவேடும்

கணிப்பொறியில் உள்ள தகவல்கள் அழிந்தால் மீட்பதற்காக மறுபடி எடுத்து வைப்பதைக் காப்பு நகல் என்கிறோம். வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இப்பணி பெரும்பாலும் இரவில் தானாகவே நடைபெறுகிறது. காலையில் அதன் பதிவேட்டைத் திறந்தால் ‘வெற்றி’ என்ற சொல் காணப்படும். அச்சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் செய்முறையைப் பார்ப்போம். ஒரு பெரிய கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குவது போன்ற ஏற்பாடே மெய்நிகர்க் கணிப்பொறி. அதன் வட்டு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஒரு பெரிய கோப்பாகவே தோன்றும். அது 500 கிகாபைட் அளவுடையது என்றால், நாள்தோறும் முழுவதையும் நகலெடுப்பது வீண். ஆகவே ஒரு நாள் முழு நகலும், பின்வரும் நாட்களில் மாறிய பகுதிகளின் நகலும் எடுக்கப்படுகின்றன. இதுவே ‘இன்கிரிமென்டல்’ எனப்படும் மாறுதல் நகல். மாறிய பகுதிகளைக் குறித்துவைக்கும் வசதி, வி.எம்.வேர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வி-ஸ்பியர் 4 மென்பொருளில் இடம்பெற்றது. இம்முறையில் நகல்கள் சங்கிலிபோல் பிணைந்துள்ளன. நடுவில் ஒரு கண்ணி கெட்டால், அதற்குப் பின்னுள்ளவை பயன்படா.

இனி விலக்குதல். விண்டோஸ் கணிப்பொறியில் ‘பேஜ்பைல்’ என்றொரு கோப்பு உண்டு. நினைவகத்தில் இடம் போதாதபோது தகவல்களைத் தற்காலிகமாக வைக்க அது பயன்படுகிறது. ஓயாமல் மாறும் அக்கோப்பு மீட்பு வேலைக்கு உதவாது. நகலின் அளவைத்தான் பெருக்கும். அதனை விலக்குவது அறிவுடைமையே. ஆனால் மாறுதல் நகல் எடுக்கும் கருவி வட்டின் துண்டுகளைக் காண்கிறதேயன்றிக் கோப்பின் பெயரைக் காண்பதில்லை. எந்தத் துண்டு எந்தக் கோப்புக்கு உரியது என்பதை அறிய, உள்ளேயிருக்கும் கோப்பு அட்டவணையைப் படித்தாக வேண்டும். இங்கே பிழை நேர்ந்தால் வேண்டிய கோப்பும் விடுபட்டுப் போகலாம்.

விதியை எழுதுவோர் செய்யும் பிழை இதனினும் எளியது. ‘.லாக் என முடியும் கோப்புகளையெல்லாம் விட்டுவிடு’ என்று ஒரு வரி எழுதினால் இடம் மிச்சமாகும். ஆனால் ஆரக்கிள் தரவுத்தளத்தின் மீள்செய் பதிவுகளும் பெரும்பாலும் அதே முடிவைக் கொண்டவை. இடையில் நின்றுபோன தரவுத்தளத்தைச் சீர்செய்ய அவையே துணை. அவற்றையும் தள்ளிவிட்டு மறுநாள் பதிவேடு ‘வெற்றி’ என்றே எழுதும். இட்ட கட்டளையைக் கருவி நிறைவேற்றிவிட்டது அன்றோ!

கருவியே தவறிய நிகழ்ச்சியும் உண்டு. மாறியவற்றைக் குறிக்கும் அந்த வசதியில் ஒரு குறை இருப்பது 2014-இல் வெளியாயிற்று. வட்டின் அளவை 128 கிகாபைட் எல்லைக்கு மேல் பெரிதாக்கினால், மாறிய பகுதிகளின் பட்டியல் பிழைபடக்கூடும். பட்டியலை நம்பிய நகல் மென்பொருளுக்கு இதை அறிய வழியில்லை.

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது வேறொரு பாடம். பொறியாளர் ஒருவர் தவறான கணிப்பொறியில் அழிப்புக் கட்டளை இட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 கிகாபைட் மட்டுமே. காப்பு நகலைத் தேடினால் கிடங்கு வெறுமையாக இருந்தது! தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுத்த கருவியோ 9.2 பதிப்பு. அதனால் நகலெடுப்பு தோல்வியுற்று வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சான்று இன்மையால் மறுக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல் கைகொடுத்தது. இவற்றை ஒளிக்காமல் வெளியிட்ட அந்நிறுவனத்தின் நேர்மை பாராட்டத்தக்கது.

நம் குறை விலக்கும் முறையின்மீது அன்று, பதிவேட்டின்மீது. செய்ததைச் சொல்லும் பதிவேடு, செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். எந்த விதியால் எத்தனை கோப்புகள், எவ்வளவு அளவு விலக்கப்பட்டன? முந்தைய நாளைவிட நகல் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது? ‘நீண்ட பதிவேட்டை யார் படிப்பார்?’ என்று சிலர் கேட்பர். நியாயமே. அதற்காகத்தான் இந்தச் சில எண்களை முதல் பக்கத்திலேயே தர வேண்டும் என்கிறோம். முழுப் பட்டியல் பின்னால் இருக்கட்டும். பதிவேட்டை நகலெடுக்கப்படும் கணிப்பொறிக்கு வெளியே வைப்பதும் இன்றியமையாதது. உள்ளேயே இருந்தால் அதுவும் சேர்ந்து அழியும்.

இவ்வளவும் செய்தபின்னும், பதிவேடு வெறும் சாட்சியமே, தீர்ப்பு அன்று. மாதம் ஒருமுறையேனும் நகலிலிருந்து ஒரு கணிப்பொறியை மீட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்காத முடிவை நாம் ஏற்பதில்லை. காப்பு நகலுக்கும் அதே விதிதான்.