நறுக்கிய வெங்காயம் ஒரு கப்

தமிழ்ச் சமையல் குறிப்புகளின் முதல் பொய் 'தேவையான பொருட்கள்' பட்டியலிலேயே இருக்கிறது. பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒரு கப், நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய் நான்கு, மெல்லிசாகச் சீவிய கோஸ் கால் கிலோ. ஏதோ மளிகைக் கடையிலிருந்து வெங்காயம் நறுக்கியே வந்து இறங்கியதுபோல. 'நறுக்கிய' என்பது பெயரெச்சம் என்று பள்ளியில் படித்தோம். அந்தப் பெயரெச்சத்துக்குள் ஒரு பெண்ணின் கால் மணி நேரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. யார் நறுக்கியது, எதைக் கொண்டு, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளை இலக்கணம் விழுங்கிவிடுகிறது. செய்முறை என்னவோ 'கடாயில் எண்ணெய் விட்டு' என்றுதான் தொடங்கும். சமைக்கும் நேரம் 20 நிமிடம் என்று போட்டிருந்தால் அது அடுப்பு எரியும் நேரம் மட்டுமே.

இந்த எழுத்து வகைக்குத் தாய் என்று சொல்லத்தக்கது 1951ல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி வெளியிட்ட 'சமைத்துப் பார்'. கைப்பக்குவம், கைமணம் என்று சொல்லி மழுப்பப்பட்ட ஒன்றை அளவாக மாற்றி, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஆளில்லாத பெண்ணின் கையில் கொடுத்தார். அது சின்னக் காரியம் அல்ல. அவருக்குப் பின் வந்த பத்திரிகை இணைப்புகளும் இன்றைய வீடியோக்களும் அளவை மட்டும் எடுத்துக்கொண்டன, கருவியின் பக்கம் திரும்பவில்லை. மிக்ஸி பற்றிப் பேசுவார்கள், விளம்பரம் உண்டு. கத்தி பற்றி யார் பேசுவது?

சரி, சமையல் குறிப்பை விடுவோம். சமையலறையை எதிர்த்து எழுந்த படைப்புகள் என்ன செய்தன?

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021ல் மலையாளத்தில் வந்தது. 2023ல் ஆர். கண்ணன் இயக்கத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது. அந்தக் கதையில் என்னை அதிகம் பாதித்தது எச்சில் மேசையோ தீட்டு விவகாரமோ இல்லை, தொட்டிக்கு அடியில் ஒழுகும் குழாய்தான். பிளம்பரைக் கூப்பிடச் சொல்கிறாள், அவன் மறக்கிறான். மறுபடி சொல்கிறாள், மறுபடி மறக்கிறான். சமையலறையில் உழைப்பது அவள்தான், ஆனால் சமையலறையைப் பழுதுபார்க்கும் அதிகாரம் அவளிடம் இல்லை. இதை இவ்வளவு எளிதாகச் சொன்ன வேறொரு காட்சி எனக்குத் தெரியாது. அந்த அழுக்குத் தண்ணீர்தான் கடைசியில் ஆண்கள் மேல் விழுகிறது.

ஆனால் அதே படத்தில் காய் நறுக்கும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். சரக் சரக்கென்று சத்தம், கத்தி தடையில்லாமல் இறங்குகிறது. சினிமாவின் கத்தி மழுங்குவதில்லை. குழாய் ஒழுகினால் கேமராவுக்குத் தெரியும், பார்வையாளருக்கும் தெரியும். மழுங்கிய கத்தி சொட்டாது, நாறாது. பிடித்திருப்பவள் கைக்கு மட்டும்தான் தெரியும்.

1988ல் தொகுப்பாக வந்த அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை நம் தலைமுறைப் பெண்கள் மனப்பாடமாக அறிவார்கள். சமையலறையை மனநிலையாகவும் பார்த்த கதை, கட்டடமாகவும் பார்த்த கதை. இருட்டு, ஜன்னல், வெளியே தெரியும் மலை, இங்கே கொஞ்சம் மாற்றலாமே என்று கேட்கும் மருமகள். நம் பெண்ணிய விமர்சனம் அந்தக் கதையிலிருந்து 'அங்கிருந்து வெளியே வா' என்பதை எடுத்துக்கொண்டது, ஜன்னலை விட்டுவிட்டது. வெளியே வந்தவர்களும் ராத்திரி திரும்பிப் போய் அதே மேடையில் அதே கத்தியால் மறுநாளைக்கான பீன்ஸை நறுக்கி டப்பாவில் போட்டுத்தான் தூங்குகிறார்கள். 2019ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024ல் அது 289, 88 என்றானது. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சம், ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்!

நான் இருப்பது கே.கே. நகரில். அம்மாவின் வலது பெருவிரல் அடிமூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படும் தேய்மானம் இது. துணி பிழியாதீர்கள், மாவு பிசையாதீர்கள் என்றார் பார்த்த டாக்டர். உங்கள் கத்தி வெட்டுகிறதா என்று கேட்கவில்லை. சேனையையும் பூசணியையும் மழுங்கிய கத்தியால் பிளக்கும்போது எல்லா அழுத்தமும் அந்த ஒரு மூட்டில்தான் போய் நிற்கும். தக்காளித் தோலில் கத்தி வழுக்கும்போது இன்னும் அழுத்துவோம். அழுத்தும்போது வழுக்கினால் அடுத்து இருப்பது இடது கையின் ஆள்காட்டி விரல். கூர் இருந்தால் அழுத்தம் தேவையில்லை, கத்தி வைத்த இடத்தில் நிற்கும். விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் மழுங்கிய கத்தியால்தான் என்று சமையல் தொழில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெங்காயக் கண்ணீரும் அப்படியே. மழுங்கிய கத்தி வெங்காயத்தை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. கூர் குறையக் குறைய வெங்காயச் சாறு அதிகமாகவும் வேகமாகவும் தெறிக்கிறது என்று 2025ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேமரா வைத்து அளந்து காட்டினார்கள். வெங்காயம் நறுக்கி அழும் மனைவியை வைத்து எத்தனை ஜோக் வந்திருக்கிறது நம் வாரப் பத்திரிகைகளில். அந்த அழுகையில் பாதி கத்தியின் குறை.

எங்கள் பேட்டையின் பெரிய அடையாளங்களில் ஒன்று இ.எஸ்.ஐ. மருத்துவமனை. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து பிறந்த ஏற்பாடு. தொழிற்சாலையில் இயந்திரம் விரலைப் பதம் பார்த்தால் அது வேலைக்காயம், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம் உண்டு. சமையலறையில் விரலை வெட்டிக்கொண்ட பெண்ணுக்கும் அங்கே தையல் போடுவார்கள், கணவர் காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளியாக இருந்தால். ஆனால் அவள் அங்கே நுழைவது குடும்பத்தினர் என்ற பெயரில், தொழிலாளியாக அல்ல. அவளுடைய காயம் வேலைக்காயம் அல்ல, வெறும் காயம். தொழிற்சாலையில் கருவியைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. வீட்டில் யார் பொறுப்பு என்று எந்தச் சட்டமும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை.

சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போனால் காட்சி வேறு. பெரிய அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் வெட்டித் தரும் அக்காக்கள், நாலைந்து மீனுக்கு ஒருமுறை பக்கத்தில் இருக்கும் கல்லை எடுத்து அலகின் மேல் இரண்டு இழுப்பு இழுப்பார்கள். பேச்சு நிற்காது, கை தானாகப் போகும். "மழுங்குனா கூலி போச்சும்மா" என்றார் ஒருவர். விஷயம் அவ்வளவுதான். வெட்டுவதற்குக் கூலி இருக்கும் இடத்தில் பெண்ணின் கத்தி கூராக இருக்கிறது. வெட்டுக்கு விலை இல்லாத இடத்தில் கத்தியும் மழுங்கிக் கிடக்கிறது, அவள் நேரத்துக்குத்தான் விலையே இல்லையே. பெண்ணுக்குக் கூர்மை பயம், சாணை பிடிப்பது ஆம்பளை வேலை என்று சொல்பவர்கள் ஒருமுறை சைதாப்பேட்டை போய் வரலாம்.

அரிவாள்மனை என்றதும் ஒன்று. அதன் உடன்பிறப்பான வங்காளத்து போன்ட்டியைப் பற்றி, அதன் முன் உட்கார்ந்து வெட்டும் பெண்களைப் பற்றி, சித்ரிதா பானர்ஜி 2001ல் ஒரு முழுக் கட்டுரை எழுதினார். நாம் நம்முடையதைப் பரணில் ஏற்றியதோடு சரி. ஆயுத பூஜையன்று அதை இறக்கிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வருடத்தில் ஒருநாள் கத்திக்குப் பொட்டு வைக்கிறோம். மற்ற 364 நாளும் அதைக் கம்பிநாரால் தேய்த்துக் கரண்டிகளோடு போட்டு வைக்கிறோம்.

'சாணை புடிக்கறதே' என்று குரல் கொடுத்துக்கொண்டு சைக்கிளில் சக்கரம் மாட்டி வந்தவர்கள் எங்கள் தெருவில் குறைந்துவிட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் 'விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை' பலகை. அவர்கள் பிழைப்பு போனது வருத்தம்தான். ஆனாலும் அந்தச் சக்கரம் அரிவாளுக்கும் பெரிய வெட்டுக்கத்திக்கும் சரி. மெல்லிய காய்கறிக் கத்தியைத் தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாரித்துவிடும், இரும்பின் பதம் போய்விடும், பிறகு கூர் நிற்காது. அதோடு, வருஷத்துக்கு இரண்டு முறை தெருவுக்கு வருகிறவரை நம்பித் தினமும் நறுக்கும் கத்தியை வைத்திருக்க முடியாது.

வீட்டில் தீட்டுவது கஷ்டமே இல்லை. ஹார்டுவேர் கடையில் ஒருபக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும் சாணைக்கல் கிடைக்கும். சாணைக்கல்லுக்குச் சென்னை ஒன்றும் அந்நிய ஊர் அல்ல. 1954ல் முருகப்பா குழுமம் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இந்த ஊர் நிறுவனம்தான், திருவொற்றியூரில் சாணைப் பொருள் தயாரிக்கிறது. கல்லைத் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை ஊறவிட வேண்டும். (ஒருமுறை எண்ணெய் போட்டால் பிறகு எப்போதும் எண்ணெய்தான், மாற்றக் கூடாது.) ஈரத்துணியை மடித்து அதன் மேல் கல்லை வைத்தால் நகராது. கத்தியைப் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தைச் சுண்டுவிரல் கனத்துக்குத் தூக்கினால் ஏறக்குறைய சரியான சாய்வு வந்துவிடும். அந்தச் சாய்வு மாறாமல், பிடியிலிருந்து நுனிவரை, கல் முழுவதையும் பயன்படுத்தித் தேய்க்க வேண்டும். அவசரம் வேண்டாம், பலமும் வேண்டாம். சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று எழும். விரலை விளிம்பின் நீளத்தில் ஓட்டாமல் குறுக்கே வெளிப்பக்கமாகத் தடவினால் தட்டுப்படும். அந்தப் பிசிர்தான் முழு ரகசியம். அது பிடியிலிருந்து நுனிவரை எழுந்தால் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம், எழாத இடத்தில் இன்னும் கூர் வரவில்லை. பிறகு மறுபக்கம் அதேபோல். அப்புறம் நைசுப் பக்கத்தில் இரண்டு புறமும் மாற்றி மாற்றி லேசாக. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் விளிம்பு பின்னால் வருமாறு நாலைந்து இழுப்பு, மிச்சப் பிசிரும் போய்விடும். தக்காளி மேல் வைத்து அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள்.

அரிவாள்மனையில் அலகு நகராது, அதனால் சின்னக் கல்லை அலகிடம் கொண்டுபோக வேண்டும், மீன்கார அக்கா செய்வதுபோல. பல் வைத்த பிளாஸ்டிக் பிடிக் கத்தியைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. கத்தியை இடுக்கில் விட்டு இழுக்கும் சாதனம் அவசரத்துக்கு உதவும், ஆனால் இரும்பைப் பிய்த்து எடுக்கும். கல்லே இல்லாத வீட்டில் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று இருக்கும். பாட்டிகள் அதில்தான் தீட்டினார்கள். தீட்டிய கூர் நிற்க வேண்டுமானால் கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து வெட்டக் கூடாது. மரப்பலகை ஒன்று போதும்.

இதைச் சொன்னபோது ஒரு தோழி கோபித்துக்கொண்டாள். "கேஸ் புக் பண்றது நான், தண்ணி கேன் சொல்றது நான், இப்ப கத்தியும் நானே தீட்டணுமா? இதுவா உன் பெண்ணியம்?" நியாயமான கோபம். என் பதில் இதுதான்: தீட்டுவது நறுக்குவதைப் போல முடிவில்லாத வேலை இல்லை, மாதத்துக்கு ஒரு இருபது நிமிடம். நறுக்காதவர் யாரோ அவர் தீட்டட்டும். என் வீட்டில் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை கல் என் கணவர் கையில். ஆனால் கத்தி மழுங்கிவிட்டது என்று அறிவிக்கும் உரிமை நறுக்குகிறவளுடையது. அதற்கு அவளுக்குக் கூர் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மழுங்கிய கத்தியிலேயே பழகியவளுக்குத் தன் கைதான் பலமில்லை என்று தோன்றும். என் அம்மாவுக்கு அப்படித்தான் தோன்றியது, வயசாயிடுச்சு என்றாள்.

எங்கள் மேல்மாடி உட்பட நான்கு வீடுகளில் சமைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். நான்கு வீட்டுக் கத்தி, நான்கு விதமான மழுங்கல். 2007ல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது, ஆனால் எந்தக் கத்தியால் வெட்டுவது என்பது இன்னும் வீட்டுக்காரம்மாவின் விருப்பம். அவர் எங்கள் கல்லில் தீட்டக் கற்றுக்கொண்டு, தனக்கென்று ஒரு கத்தி வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டில், வெளியிலிருந்து கத்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வராதே என்றார்கள். நான்காவது இருப்பது பெரிய குடியிருப்பு, அங்கே காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே யாருக்கோ போன் போட்டார். அன்றிலிருந்து அவருடைய கத்தி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்த இரண்டு வீட்டுக் கத்தியையும் அங்கேயே ஜாடியின் அடியில் தீட்டிக்கொள்கிறார். "ரொம்ப கூரா வெச்சா பசங்க இருக்குற வீடுன்னு திட்டுறாங்கம்மா. கொஞ்சமா தீட்டிக்குவேன், அவங்களுக்குத் தெரியாத அளவுக்கு" என்றார்.