பரவல் மென்பொருளில் கூறுநோக்கு நிரலாக்கம்: இரு நுட்பங்களின் ஒப்பீடு

பதிவிடல், பாதுகாப்பு, மறுமுயற்சி முதலியன நிரலின் பல பகுதிகளிலும் சிதறிக் கிடப்பவை. அவற்றைத் தனிக் கூறுகளாகப் பிரித்தெழுதும் முறையை 1997இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் கிரிகோர் கிக்சாலிஸ் குழுவினர் முன்வைத்தனர். பரவல் மென்பொருளில் அதன் இரு நுட்பங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

ஆஸ்பெக்ட்ஜே, கூறுகளைப் பைட்கோடுக்குள்ளேயே நெய்துவிடுகிறது. ஸ்பிரிங்கின் இயல்பான முறையோ, பொருளுக்கு முன்னே ஒரு பதிலியை நிறுத்தி, அதன் வழியாக வரும் அழைப்புகளை மட்டும் இடைமறிக்கிறது. அமைப்பதற்கு எளியது பின்னதே. எனினும், ஒரு பொருள் தன் மெத்தடைத் தானே அழைக்கும்போது அங்குக் கூறு இயங்குவதில்லை. பிழைச் செய்தியும் வருவதில்லை. இவ்வகையில் நெசவு முறையே நம்பத்தக்கது.

ஆயினும் இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. தி. நகர்த் துணிக்கடை ஒன்றின் பில்லிங் நிரல், தொலைவிலுள்ள வங்கிக் கணினியிடம் பணம் கோருவதாகக் கொள்வோம். வங்கி பற்று வைத்தபின் விடை வழியில் தொலைந்தால், மறுமுயற்சிக் கூறு மீண்டும் கோரும்; வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் பிடிக்கப்படும். கோரிக்கைக்குத் தனி அடையாள எண் தந்து, வங்கி அதைச் சரிபார்த்தால்தான் இதைத் தவிர்க்க இயலும். அருகழைப்பையும் தொலையழைப்பையும் ஒன்றெனக் கருதலாகாது என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜிம் வால்டோ முதலியோர் 1994இலேயே எச்சரித்தது இதனால்தான்.

எனவே, நிரல்வரிகள் குறைந்தமையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் ஒப்பீடு போதாது. பதிவிடலைக் கூறுக்குள் மறைக்கலாம். பகுதித் தோல்வியை மறைத்தல் தகாது. நுட்பத்தைத் தேர்வதற்கு முன், எதை மறைக்கிறோம் என்பதே ஆராயத்தக்க வினா.