வேகம் கூடினால் பிரேக் தளரும்

பெஞ்சமின் வெடர் என்ற ஸ்வீடன்காரர் மின்சார ஸ்கேட்போர்டுகளுக்காக வடிவமைத்து, மென்பொருளை எல்லாருக்கும் திறந்துவிட்ட மோட்டார் கன்ட்ரோலர் வெஸ்க். அதைச் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் (ஹப் மோட்டார்) உள்ள என் மின்சார சைக்கிளில் பூட்டி, மழைக்காலம் முழுக்கக் குன்னூரில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அளவு, எடை, விலை எல்லாம் தேடினால் கிடைக்கும். எனக்குப் பேச வேண்டியிருப்பது அதன் பிரேக்கைப் பற்றி.

அதற்கு முன் ஒரு நெடுநாள் எரிச்சல். கன்ட்ரோலர் விற்பவர்கள் பெட்டிமேல் ‘30 ஆம்பியர்’ என்று ஒற்றை எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். எந்த 30? பேட்டரியிலிருந்து வருவதா, மோட்டார் சுருளில் ஓடுவதா? கன்ட்ரோலர் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. மெதுவாகப் போகும்போது மோட்டாருக்குக் கொஞ்சம் வோல்ட்டே போதும். அப்போது பேட்டரியிலிருந்து 12 ஆம்பியரை எடுத்து மோட்டாருக்கு 60 கொடுக்கலாம். ஏற்றத்தில் வண்டியை இழுப்பது அந்த 60தான். வெஸ்கில் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. பிரேக்குக்கும் அதேபோல இரண்டு. இந்த நான்கு எண்களையும் நாமே வைக்கலாம் என்பதற்காகவே இதன்மேல் எனக்குப் பிரியம்.

பிரேக் பிடித்தால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. என்னுடைய 48 வோல்ட், 15 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ளே வாங்குவது 5 ஆம்பியர்தான். அதாவது 270 வாட்டுக்குள். நானும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ. பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் 20 கிலோமீட்டர் வேகம் கூடாமல் பிடித்துவைக்க சுமார் 500 வாட் வேண்டும். 10 கிலோமீட்டரில் அதில் பாதி போதும். ஆக, வேகமாக இறங்கினால் பிரேக் தளர்கிறது, மெதுவாக இறங்கினால் இறுகுகிறது. கம்பி பிரேக்கில் வளர்ந்த கைக்கு இது தலைகீழ்ப் பாடம். சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்; பாதி இறக்கத்தில் ஞானம் வந்து பயனில்லை.

இன்னொன்று மேட்டில் குடியிருப்பவர்களுக்கே உரிய சங்கடம். மேல் குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து பஸ் நிலையத்துக்குக் காலையில் கிளம்பினால் முதலில் வருவதே இறக்கம். இரவெல்லாம் சார்ஜ் ஏறி 54.6 வோல்ட்டில் நிற்கும் பேட்டரியில் சொட்டு இடம் கிடையாது. பேட்டரியைக் காக்கும் சுற்றான பி.எம்.எஸ். வாசலை மூடிவிட்டால் திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக்கிடமில்லாமல் வோல்ட் எகிறும். கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரைக் கைவிடும். பிடித்த பிரேக் சட்டென்று காணாமல் போகும். இதில் கன்ட்ரோலரைத் திட்ட ஒன்றுமில்லை. சார்ஜை 53.3 வோல்ட்டில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது. 100 மீட்டர் உயரம் இறங்கினால் மிஞ்சிப்போனால் மொத்தமாகவே 27 வாட்-மணிதான் திரும்பும். இந்தப் பேட்டரியில் அது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை.

பிரேக் பிடித்தே பேட்டரியை நிரப்பலாம் என்று கனவு காண்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். ஆனால் மழையில் கிடைக்கும் சுகம் வேறு. ரிம் நனைந்து ரப்பர் கட்டை வழுக்கும் நாளிலும் மோட்டார் பிரேக் அதே பிடியைத் தருகிறது. கட்டைவிரல் எவ்வளவு அழுத்துகிறதோ, வரம்புக்குள் அவ்வளவு பிடி, அதிர்வில்லை, சத்தமில்லை. கட்டைகளும் தேயாமல் கிடக்கின்றன. அதற்காகக் கம்பி பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள். சரிவில் வண்டியை நிறுத்தி வைக்க அதுதான் வேண்டும்.

உள்ளே ஃப்ரீவீல் உள்ள கியர் ஹப் மோட்டார் என்றால் இந்த பிரேக்கே கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் வெஸ்க் வாங்கினால் பாதிப் பயன்தான். சமவெளிக்காரர்களுக்குப் பழைய கன்ட்ரோலரே போதும். மலையில் வாங்குபவர்கள் மோட்டார் எத்தனை வாட் என்று கேட்கும் முன், பேட்டரி எத்தனை ஆம்பியரைத் திரும்ப வாங்கும் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.