டீச்சர் கையிலிருக்கும் போன்

அரசுக் காகிதத்தில் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கு அவர் பால்வாடி டீச்சர். சத்துமாவு கொடுக்கும் நாளில் மைய வாசலைப் பார்த்தால் போட்டோ ஸ்டுடியோ போலத்தான் இருக்கும். "வெளிச்சத்துக்கு வாம்மா. முக்காட்டை எடு. கண்ணை ஒரு தடவை மூடித் திற." போன் திரையில் வட்டம் சுற்றுகிறது. இடுப்பிலிருக்கும் குழந்தை கேமராவைப் பிடுங்கக் கை நீட்டுகிறது. முகம் ஒத்துப்போனால்தான் பாக்கெட். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு 2025 ஜூலையிலிருந்து இந்த முகப்பதிவை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது.

வேலைக்கென்று கொடுக்கப்பட்ட இந்த போன் வேண்டாத பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. முன்பு பதினொரு பதிவேடுகள். ஒரே குழந்தையின் பெயரைக் கணக்கெடுப்பில் ஒருமுறை, எடையில் ஒருமுறை, தடுப்பூசியில் ஒருமுறை எழுதிக் கை ஓய்ந்துபோகும். பிறந்த தேதியிலிருந்து மாதக் கணக்குப் போட்டு, அட்டவணையில் தேடி, கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு கட்டம் தள்ளி வைத்தால் மெலிந்த பிள்ளை தேறிய பிள்ளையாகிவிடும். 2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கர் செயலியில் எடையையும் உயரத்தையும் போட்டால் போதும், கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். பிழைப்புக்காக வேறு ஊர் போகும் குடும்பத்தின் விவரத்தை அங்குள்ள மையத்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குழந்தையோடு புறப்படுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் செயலியில் பாதி, போனில் பாதி. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் போன்களை அலுவலகங்களிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். 2 ஜி.பி. நினைவகம், சீக்கிரம் சூடாகும் உடம்பு, முடிந்துபோன உத்தரவாதம். பழுதுபார்க்கும் செலவும் எங்கள் தலையில்தான் என்றார்கள். செயலியில் மராத்தி இல்லையே என்ற குறையும் சேர்ந்துகொண்டது. அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இலவசமாக வந்த பொருளை யாராவது வரிசையில் நின்று திருப்பிக் கொடுப்பார்களா? பழைய போனை வைத்துக்கொண்டு மல்லாட முடியாது, 5ஜி போன் கொடுங்கள் என்று தமிழகத்திலும் குரல் எழுந்தது. போன் திணறும்போது டீச்சர் என்ன செய்வார்? சொந்த போனை எடுப்பார், சொந்த டேட்டாவில் ஏற்றுவார். அரசு போனின் குறையை இப்படிச் சொந்த போன் மூடிவிடுவதால், மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் ஓடுவதாகவே தெரியும்.

முகத்துக்கு முன்னால் ஆதார் சரிபார்ப்பு. ஓ.டி.பி. ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் கணவருடையது, கணவர் திருப்பூரில் தறியில் நிற்கிறார் என்றால், அவர் போனை எடுக்கும் வரை கர்ப்பிணி வாசலில் நிற்க வேண்டியதுதான். கோபம் யார் மேல் பாயும்? டீச்சர் மேல். விதியைப் போட்டவர் தெருவில் எதிர்ப்பட மாட்டார். இவர் மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டும்.

மையம் மூடினாலும் போன் மூடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட வேண்டும், பேரன் கைக்குப் போகாமல் ஒளித்துவைக்க வேண்டும், வாட்ஸப் குழுவில் ராத்திரி வரும் 'இன்னும் ஏற்றாதவர்கள்' பட்டியலில் தன் பெயரைத் தேட வேண்டும். பிரான்சில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே வேலை நேரம் எது என்பதே குழப்பம். இவர் வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம். இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. கண்காணிக்கும்போது முழு ஊழியர், கூலி கொடுக்கும்போது சேவகி.

இவையெல்லாம் நல்ல போனும் கொஞ்சம் நியாயமும் இருந்தால் தீரக்கூடியவை. எனக்கு உறுத்துவது வேறொன்று. 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதாமாதம் குழந்தையை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் கோடு போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் கோடு ஏறுகிறதா படுத்துவிட்டதா என்று தெரியும். அந்த வேலையின் உயிரே தாயிடம் அதைக் காட்டிப் பேசுவதுதான். இப்போது அதைவிடத் துல்லியமான கோடு டெல்லி வரை போய்விடுகிறது. தாய் பார்ப்பது போனின் முதுகை.

"பாப்பா எடை ஏறியிருக்கா டீச்சர்?"

டீச்சர் போனைத் திருப்பிக் காட்டுகிறார். வெயிலில் திரையில் எதுவும் தெரியவில்லை. இருவரும் தலையைச் சாய்த்துக் கையால் மறைத்துப் பார்க்கிறார்கள். பிறகு அவர் மேசை இழுப்பறையைத் திறந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுக்கிறார். யாரும் எழுதச் சொல்லாத நோட்டு. "போன மாசம் எட்டு நூறு. இப்ப எட்டு முந்நூறு, பாரு."

அந்த அம்மா விரல் வைத்துப் பார்க்கிறார்.